பேஸ்பாலைப் படிப்பதா, பார்ப்பதா?

ராய் ஹாப்ஸுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இத்தனை நாள் கூடவே வைத்திருந்த 'வொண்டர்பாய்' மட்டை பிளந்துபோய்விட்டது. வேறொரு மட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி வந்து நிற்கிறான். எதிரே பந்தெறிய வந்திருப்பவன் ஒரு சின்னப் பையன். 1984-இல் பாரி லெவின்சன் எடுத்த 'தி நேச்சுரல்' படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் அந்தப் பந்தை வானத்துக்கு அடிக்கிறார். அது மைதானத்து விளக்குகளில் போய் மோத, விளக்குகள் ஒவ்வொன்றாக வெடித்து நெருப்புப் பொறி மழையாகக் கொட்டுகிறது. அதற்கு நடுவே அவர் நிதானமாக ஓடி வருகிறார். பெர்னார்ட் மாலமுட் 1952-இல் எழுதிய நாவலில் அதே ராய் ஹாப்ஸ் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறான், அதாவது மூன்று முறை பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழக்கிறான். வெளியே வந்தால் பேப்பர் விற்கும் பையன் ஒருவன் அவன் முகத்தைப் பார்த்து, "பொய்யின்னு சொல்லு, ராய்" என்கிறான். ராய்க்கு அழுகைதான் வருகிறது.

ஒரே ஆள், ஒரே கதை. புத்தகத்தில் ஒரு முடிவு, படத்தில் நேர் எதிரான முடிவு.

போன மாதம் என் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, எனக்கு பேஸ்பால் புரியணும். படம் பார்த்தா போதுமா, இல்ல புத்தகம் படிக்கணுமா?" அவள் வேலை செய்யும் குழுவில் பாதிப் பேர் பாஸ்டன்காரர்கள், கோடை வந்தால் பேச்செல்லாம் பேஸ்பால்தானாம். நேரடி ஆட்டத்தைப் பார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் நமக்கு விடிகாலை நாலரை. ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முடிவுகளைத் தொடாமல் இவற்றை ஒப்பிட முடியாது. முடிவு தெரிந்துவிட்டால் படம் பிடிக்காது என்பவர்கள் கடைசிப் பத்திக்கு முந்தையதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

நான் எதை வைத்து அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் அடிப்பவர் நட்சத்திர ஆட்டக்காரர். மற்ற ஏழு முறையும் அவர் வெறுங்கையோடு திரும்பி நடக்கிறார். அடுத்த நாளும் ஆட்டம் உண்டு, மறுபடி வந்து நிற்க வேண்டும். இந்த விளையாட்டைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கவிதை, எர்னஸ்ட் தேயர் 1888-இல் எழுதிய 'கேஸி அட் த பேட்'. ஊரே நம்பியிருந்த கேஸி ஸ்ட்ரைக் அவுட் ஆவதில்தான் அது முடிகிறது. ஆகவே என் கேள்வி ஒன்றுதான்: திரும்பி நடக்கிறவனோடு கூடவே நடந்து போகிறது எது, புத்தகமா படமா?

இந்த அளவுகோலில் 'தி நேச்சுரல்' நாவல்தான் ஜெயிக்கிறது. நாவலின் ராய் வேண்டுமென்றே தோற்க லஞ்சத்துக்குச் சம்மதித்தவன். ஆட்டத்தின் நடுவில் மனம் மாறி ஜெயிக்க நினைக்கிறான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. படத்தின் ராய் அப்பழுக்கில்லாதவன், அதனால் அவனுக்கு விளக்குகளும் வெடிக்கின்றன. கண்ணுக்கு அழகான படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1949-இல் சிகாகோ ஹோட்டல் ஒன்றில் எடி வெய்ட்கஸ் என்ற ஆட்டக்காரரை ரசிகை ஒருத்தி துப்பாக்கியால் சுட்ட நிஜச் சம்பவத்தின் நிழல் நாவலின் தொடக்கத்தில் விழுந்திருக்கிறது. அந்த இருட்டு நாவலில் கடைசிப் பக்கம் வரை கூடவே வரும். படத்தில் பாதியிலேயே வெளிச்சமாகிவிடும். ஒரு யோசனை: இரண்டும் வேண்டுமென்றால் படத்தை முதலில் பார்த்துவிடுங்கள். நாவலைப் படித்த பிறகு அந்தப் பொறி மழையை ரசிப்பது கஷ்டம்.

அடுத்தது எல்லோரும் முதலில் கேட்கும் பெயர், 'மணிபால்'. மைக்கேல் லூயிஸின் புத்தகம் 2003-இல் வந்தது. பென்னட் மில்லர் இயக்கி பிராட் பிட் நடித்த படம் 2011-இல். 2002-இல் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணியின் சம்பளப் பட்டியல் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அதைப்போல மூன்று மடங்கு செலவழித்தது. அந்த சீசனில் இரண்டு அணியும் ஜெயித்தது அதே 103 ஆட்டம்தான். எப்படி என்பதுதான் கதை.

அந்த 'எப்படி'யைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டும். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். பந்து வைட் போனால் அணிக்கு ஒரு ரன், மட்டையாளர் கணக்கில் ஒன்றும் ஏறாது. பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சர் நாலு பந்தைத் தப்பாகப் போட்டு, மட்டையாளர் ஆசைப்படாமல் அத்தனையையும் விட்டுவிட்டால், அவர் ரன் எடுக்க ஓடும் வழியில் முதல் நிலையமான முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அதற்கு 'வாக்' என்று பெயர். ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த பேட்டிங் சராசரியில் அந்த வாக் சேராது. பொறுமையாக நின்று நடந்து போகிறவனுக்குச் சந்தையில் விலையும் இல்லை. ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த ஓக்லண்டின் பொது மேலாளர் பில்லி பீன் அப்படிப்பட்டவர்களைத் தேடித் தேடி மலிவாக வாங்கினார். இந்தக் கணக்கைப் பல வருடம் முன்பே எழுதிக்கொண்டிருந்தவர் பில் ஜேம்ஸ். கன்சாஸில் டின் உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலாளி வேலை பார்த்துக்கொண்டே எண்களை அலசி, 1977-இல் தானே அச்சிட்டு விற்றவர். புத்தகத்தில் அவருக்கு ஒரு அத்தியாயமே உண்டு; படத்தில் பேச்சுவாக்கில் வந்து போகிறார்.

படம் என்ன தருகிறது? முகங்களைத் தருகிறது. முழங்கை நரம்பு பாதித்து, கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) இனிப் பந்தை எறிய முடியாமல் போன ஸ்காட் ஹேட்டபெர்க் வீட்டுக்கு பீனும் பயிற்சியாளர் ரான் வாஷிங்டனும் வருகிறார்கள். சோபாவில் உட்கார்ந்துகொண்டு முதல் பேஸில் ஆட அழைக்கிறார்கள். ஹேட்டபெர்க் அந்த இடத்தில் ஆடியதே இல்லை. அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை என்கிறார் பீன், நீயே சொல்லப்பா என்று வாஷிங்டன் பக்கம் திரும்புகிறார். வாஷிங்டன் முகத்தை மாற்றாமல், ரொம்ப ரொம்பக் கஷ்டம் என்கிறார். நிஜத்தில் அப்படி யாரும் வீட்டுக்கு வரவில்லை, தொலைபேசியில் முடிந்த விஷயம். ஆனாலும் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருக்கும் ஒருவனின் கூடம் எப்படி இருக்கும் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடுகிறது. புத்தகம் வேறொன்றைக் காட்டுகிறது: ஹேட்டபெர்க் டென்னிஸ் தளத்தில் நின்று, மனைவி அடித்து அனுப்பும் பந்துகளைக் குனிந்து பிடித்துப் பழகுகிறார். எனக்கு அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. அதே ஹேட்டபெர்க்தான் 2002 செப்டம்பர் 4 அன்று, 11-0 என்று முன்னிலையில் இருந்து 11-11 ஆகிப்போன ஆட்டத்தில், ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்துத் தொடர்ச்சியான இருபதாவது வெற்றியைக் கொடுத்தார்.

படத்தில் சில விஷயங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜோனா ஹில் நடித்த பீட்டர் பிராண்ட் என்று ஒருவர் கிடையாது. நிஜ உதவியாளர் பால் டிபொடெஸ்டா தன் பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் ஆர்ட் ஹவை முரட்டுப் பிடிவாதக்காரராகக் காட்டியதில் அவருக்கே வருத்தம், வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கிய பேரி ஜிட்டோவும், லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கிய மிகெல் டெஹாடாவும் ஓக்லண்ட் அணியில்தான் இருந்தார்கள். அவர்களைப் படம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மலிவு ஆட்டக்காரர்கள் மட்டுமே ஜெயித்துக் கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் படம் நேர்மையாக நடந்துகொள்கிறது: பிளேஆஃபில் மினசோட்டாவிடம் தோற்றதை மறைக்கவில்லை. பீன் காரை ஓட்டிக்கொண்டே மகள் பாடிய பாட்டைக் கேட்பதோடு முடிகிறது. எண் பிடித்தவர்கள் புத்தகம், மற்றவர்கள் படம். இரண்டுக்கும் நேரமில்லை என்றால் படம் பார்த்துவிட்டு, பில் ஜேம்ஸ் அத்தியாயத்தையும் ஹேட்டபெர்க் அத்தியாயத்தையும் மட்டும் படிக்கலாம்.

'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டபிள்யூ. பி. கின்செல்லாவின் 'ஷூலெஸ் ஜோ' நாவல் 1982, படம் 1989. இங்கே நான் படத்தின் பக்கம். நாவலில் ஜே. டி. சாலிஞ்சரே ஒரு பாத்திரமாக வருகிறார். படத்தில் அந்த இடத்துக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்த கற்பனை எழுத்தாளர் வந்துவிட்டார். நாவல் நிறைய சுற்றி வளைக்கும். படம் நேராக ஒரு மகனும் அப்பாவும் பந்து எறிந்து பிடிக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறது. இரண்டு வழியாகப் போனாலும் 'மூன்லைட்' கிரஹாமைச் சந்திப்பீர்கள், அவர் நிஜ மனிதர். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்பே வரவில்லை. பிறகு மினசோட்டாவில் சிஸம் என்ற சிற்றூரில் டாக்டராகவே வாழ்ந்து முடித்தார். இந்த ஒரு மனிதருக்காகவே படத்தைப் பார்க்கலாம். கதையில் வரும் இன்னொரு நிஜ ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் இடது கை மட்டையாளர், படத்தில் ரே லியோட்டா வலது கையால் அடிக்கிறார். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்சனின் நிஜக் கதைதான் அடுத்த ஜோடி. 1919 வேர்ல்ட் சீரிஸில், அதாவது அந்த வருடத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரில், சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு சின்சினாட்டி ரெட்ஸிடம் தோற்றார்கள் என்ற விவகாரம். எலியட் அசினோஃப் 1963-இல் 'எய்ட் மென் அவுட்' என்று புத்தகமாக எழுதினார். ஜான் சேல்ஸ் 1988-இல் படமாக்கினார். 1921-இல் நீதிமன்றம் விடுதலை செய்தும், பேஸ்பால் கமிஷனர் கென்னசா மவுண்டன் லேண்டிஸ், ஜாக்சன் உட்பட விவகாரத்தில் சிக்கிய எட்டுப் பேரையும் வாழ்நாள் முழுக்கத் தடை செய்தார்.

புத்தகத்தை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன், கீழே வைக்க முடியாது. ஆனால் அதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்வதில் சிக்கல் இருக்கிறது. யாராவது திருடினால் தெரிய வேண்டும் என்பதற்காக அசினோஃப் கற்பனைப் பெயர்களை உள்ளே நுழைத்திருந்தார்; பிட்சர் லெஃப்டி வில்லியம்ஸை மிரட்டுவதாக வரும் ஹாரி என்ற அடியாள் அப்படிப் பிறந்தவர்தான். படத்திலும் அவர் வருகிறார். முதலாளி காமிஸ்கியின் கஞ்சத்தனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இரண்டுமே சொல்கின்றன. பிற்கால ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளைத் தேடி எடுத்தபோது, ஒயிட் சாக்ஸ் அன்றைக்கு அதிகச் சம்பளம் கொடுத்த அணிகளில் ஒன்று என்று தெரிந்தது.

அப்படியானால் எது? இங்கே படம். ஒரு ஆட்டக்காரன் வேண்டுமென்றே அரை நொடி தாமதிப்பதைப் பக்கம் பக்கமாக விளக்கலாம், ஆனால் கண்ணால் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அதைவிட, அந்த எட்டுப் பேரில் ஒருவரான பக் வீவர். திட்டம் அவருக்குத் தெரியும், காசு வாங்கவில்லை, தொடர் முழுக்க .324 சராசரியில், அதாவது பத்துக்கு மூன்றுக்கும் மேல், அடித்தார். காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்காக அவருக்கும் அதே தடை. படத்தின் கடைசிக் காட்சியில், வருடங்கள் கழித்து நியூ ஜெர்சியில் ஏதோ ஒரு சின்ன மைதானம். வேறு பெயரில் ஒருவர் அபாரமாக ஆடுகிறார். அது ஜோ ஜாக்சன்தானே என்று பக்கத்திலிருப்பவர்கள் கேட்க, கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கும் வீவர், இல்லை, அந்த ஆட்களெல்லாம் போய்விட்டார்கள் என்கிறார். ஜான் க்யூசாக் அதைச் சொல்லும்போது அவர் முகத்தை ஒருமுறை பாருங்கள்.

இந்தியாவிலிருந்து போனவர்கள் கதை என்று 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம் செய்த நிஜக் கதை, இசை ஏ. ஆர். ரஹ்மான். பாட்டுக்காக நான் பார்த்தேன், பாட்டு பிடித்தது. ஆனால் படத்தின் மனசு அவர்களைத் தேடிப் போன ஏஜென்ட் மேல்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்ததும் கதை நிறைந்துவிடுகிறது. இருவரும் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் ஆடும் நிலைக்குப் போகவே இல்லை, அந்த மீதிக் கதைக்கு அங்கே இடமில்லை.

அதே நேரத்தில் 2008-இல் வந்த 'சுகர்' படத்தைப் பாருங்கள். அன்னா போடனும் ரையன் ஃப்ளெக்கும் எடுத்தது. டொமினிகன் குடியரசின் இளம் பிட்சர் மிகெல் சாண்டோஸ், செல்லப் பெயர் சுகர், அயோவாவின் சின்ன லீக் அணிக்கு வருகிறான். ஆங்கிலம் தெரியாது. உணவகத்தில் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது 'ஃப்ரெஞ்ச் டோஸ்ட்' ஒன்றுதான். தினமும் அதையே சாப்பிடுகிறான். முட்டை வேண்டுமென்று ஒருநாள் கேட்டால், எப்படிப்பட்ட முட்டை என்று பரிமாறும் பெண் கேட்கிறாள், அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவள் உள்ளே போய் வகைக்கு ஒன்றாகச் செய்துகொண்டு வந்து, ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுக்கிறாள். ஊர் விட்டு ஊர் போய் மொழி தெரியாமல் பசித்திருந்தவர்களுக்கு அந்தத் தட்டு மறக்காது. சுகர் நட்சத்திரமாக ஆவதில்லை. அணியை விட்டு நியூயார்க்குக்குப் போய், கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தன்னைப்போல் வந்து நின்றுபோனவர்களோடு பார்க்கில் ஆடுகிறான். தோற்றவர்களைப் படங்கள் பாதியில் விட்டுவிடும் என்ற என் எண்ணத்துக்கு இந்தப் படம்தான் பெரிய விலக்கு.

கடைசியாக ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கி, கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்காத மேஜர் லீகின் நிறத் தடையை உடைத்தவர். சாட்விக் போஸ்மன் நடித்த '42' அந்த முதல் வருடத்தைச் சொல்கிறது. பிலடெல்ஃபியா மேனேஜர் பென் சாப்மன் வசை பொழியும் காட்சியில் உங்களால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அந்த வருடம் டாட்ஜர்ஸ் தன் லீகின் பட்டத்தை வென்றது, படமும் அங்கேயே நின்றுவிடுகிறது. ரோஜர் கானின் 'தி பாய்ஸ் ஆஃப் சம்மர்' 1972-இல் வந்த புத்தகம். 1952, 53 சீசன்களில் அந்த அணியோடு ஊர் ஊராகப் போய்ச் செய்தி எழுதியவர் அவர். பல வருடம் கழித்து அதே ஆட்களை வீடு வீடாகத் தேடிப் போகிறார். ராய் காம்பனெல்லா 1958 ஜனவரியில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில். ராபின்சனுக்கு முடி நரைத்துவிட்டது, மூத்த மகனைப் பறிகொடுத்த துக்கம் வேறு. நான் படித்த எல்லா பேஸ்பால் புத்தகத்திலும் இதுதான் எனக்கு நெருக்கம். ஆனால் ஆட்டமே தெரியாதவர்களுக்கு முதல் நூறு பக்கம் பெயர்க்காடாகத் தெரியும். அதனால் இதை முதலில் எடுக்கக் கூடாது.

சரி, அக்கா மகளுக்கு நான் சொன்ன வரிசை இது. விதிகள் கண்ணில் பதிய 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' படத்தில் தொடங்கு. 1943 முதல் 1954 வரை நடந்த பெண்கள் லீகின் கதை, ஆட்டம் நிறைய, மனம் விட்டுச் சிரிக்கலாம். அதில் ஒரு கறுப்பினப் பெண் தன் காலடிக்கு உருண்டு வந்த பந்தை எடுத்து, ஜீனா டேவிஸின் தலைக்கு மேலே தூரத்தில் நிற்பவளுக்கு எறிவாள். பிடித்தவள் வலியில் கையை உதறுவாள். வசனமே கிடையாது. அந்த லீகில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை என்பது அந்த ஒரு எறிதலில் தெரிந்துவிடும். அப்புறம் 'மணிபால்' படம், கூடவே அந்த இரண்டு அத்தியாயம். பிறகு 'எய்ட் மென் அவுட்' படம், 'சுகர்' படம். இதற்குள் ஆட்டம் கைக்கு வந்திருக்கும், 'தி நேச்சுரல்' நாவலை எடு. கென் பர்ன்ஸின் 1994 ஆவணப்படம் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள். கடைசியில் ரோஜர் கான்.

கான் புத்தகத்தில் கார்ல் ஃபுரில்லோ வரும் அத்தியாயத்தை மட்டும் அவசரமாகப் படிக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். புரூக்ளினின் வலது பக்க எல்லையில் நின்றவர். அவர் கை எறியும் வேகத்துக்குப் பயந்து ஓடாமல் நின்றுவிட்ட எதிரணிக்காரர்கள் எத்தனையோ பேர். கான் தேடிப் போனபோது அவர், கட்டி முடியாத உலக வர்த்தக மையக் கோபுரத்தில் லிஃப்ட் பொருத்தும் தொழிலாளியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.